ம் கொட்டுகிற படிப்பு

அன்பு மகள் பூனைக்குட்டிக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நான், உன் சித்தி, கூரையில் போர்டு சுமக்கும் நம் டிரைவிங் ஸ்கூல் வண்டி, மூவரும் சௌக்கியம். என் இடது கன்னம் மட்டும் கொஞ்சம் சௌக்கியமில்லை, அதன் கதை பின்னால் வருகிறது, அதற்குள் பயந்துவிடாதே. அங்கே நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, குளிருக்கு அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டையைப் போடுகிறாயா இல்லை கசங்கிவிடும் என்று மடித்தே வைத்திருக்கிறாயா, ஒன்றும் தெரியவில்லை. போனில் எதைக் கேட்டாலும் சரி சித்தப்பா என்கிறாய். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ பேசும்போது நான் குறுக்கே பேசிவிடுகிறேனாம், ஒரு வாரமாக உன் சித்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், அதுதான் காரணம். என் எழுத்தைப் பற்றிக் கவலைப்படாதே. எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். மற்றவர்கள் ஒரு தடவை படித்துவிட்டு மறந்துவிட்டார்கள், எனக்கு எல்லாம் இரட்டிப்பாக ஞாபகம் இருக்கிறது. உன் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி எட்டிப் பார்க்கிறாள். மூணு தடவைன்னு எழுதுங்க என்கிறாள். சரி, மூன்று.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அறைச் சுவரில் கசிந்துகொண்டிருந்த மூலையை நானே சிமெண்ட் பூசி அடைத்துவிட்டேன். கொத்தனார் வந்து பார்த்து, இப்படி ஒரு பூச்ச என் தொழில்ல பாத்ததே இல்ல என்று அசந்து நின்றார். உன் மேசை ஜன்னலோரம் இருந்தபடியே இருக்கிறது. சித்தியின் முட்டிவலி படி ஏறும்போது இருக்கிறது, என்னோடு சண்டை போட எழுந்து வரும்போது இருப்பதில்லை. டிரைவிங் ஸ்கூல் அமோகம். ஒரு வங்கி மேனேஜர் சேர்ந்திருக்கிறார், சாவியைக் கையில் கொடுத்தாலே வேர்த்துவிடும் அவருக்கு. அவரை நான் விமானம் ஓட்டுகிற அளவுக்குத் தேற்றிவிட்டேன். இப்போது அவர் வண்டி வந்தால் லாரிக்காரர்களே ஒதுங்கி வழிவிடுகிறார்கள். பயந்து ஒதுங்குறாங்க என்கிறாள் உன் சித்தி. பயமும் ஒருவகை மரியாதைதானே.

அடுத்து உன்னைப் பற்றிய செய்தி. நீ இங்கே இல்லாமலே இந்தத் தெருவில் பெரிய புள்ளியாகிவிட்டாய். மனநல ஆலோசனைப் படிப்பில் உனக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சி ஆரம்பிக்கிறது, ஒரு வார்டும் கொடுத்துவிட்டார்கள் என்று நீ சொன்னாயே, அதற்கு மறுநாள் முடிவெட்டப் போயிருந்தேன். காதோரம் கத்தரி ஓடும்போது எவனும் பொய் பேசமாட்டான். எங்க பொண்ணு கவுன்சிலர் ஆகப்போறா, வார்டு கூட ஒதுக்கிட்டாங்க என்றேன். இதில் ஒரு எழுத்தாவது பொய்யா, நீயே சொல். முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு, இந்த வயசுலயா, எந்தக் கட்சிங்க என்றார். வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்து, கட்சியெல்லாம் கிடையாது, அவ எல்லாருக்கும் பொது என்றேன். நான் வீடு வந்து சேர்வதற்குள் நீ சுயேச்சையாக நிற்கிறாய் என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் நம் வட்டாரத்தின் அசல் கவுன்சிலரே வேர்த்து விறுவிறுத்து வந்துவிட்டார். அண்ணே, நமக்குள்ள என்ன இருக்கு, பொண்ணுக்கு எந்த வார்டுன்னு மட்டும் சொல்லிடுங்க என்றார். நான் உள்ளதைச் சொன்னேன், எலும்பு முறிவு வார்டு என்று. அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். மிரட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார் பாவம், காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

தமிழில் எழுதினால் இந்தக் கவுன்சிலரும் அந்தக் கவுன்சிலரும் ஒரே எழுத்து, இதில் என் தப்பு என்ன? போய் எல்லார்கிட்டயும் விளக்கிட்டு வாங்க என்றாள் உன் சித்தி. விளக்கினேன். மனசுக்குள் அடைத்துக்கொண்டிருப்பதைச் சரிசெய்கிற படிப்பு என்று அழகாகத்தான் சொன்னேன். அது நாலு வாய் மாறி, அடைப்ப சரி பண்ற கவுன்சிலராம் என்று ஆகி, மறுநாளிலிருந்து சாக்கடைப் புகாரோடு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர், நாய்த் தொல்லை, எல்லாம் என் மேசைக்கு வந்தது. பொண்ணு வந்ததும் சொல்லுங்க என்பார்கள். சும்மா அனுப்ப மனம் வருமா? நீ வரும்வரை உன் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஆலோசனை வழங்கினேன். நாய் துரத்துகிறது என்று வந்த தையல்கார அம்மாவிடம், நீங்க அதத் திரும்பத் துரத்துங்க என்றேன். துரத்தியிருக்கிறார். நாய் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு, இப்போது அந்த அம்மாவின் வாசலிலேயே குடியிருக்கிறது.

வந்தவர்களில் விடாக்கண்டர் மூலைத் திருப்பத்துப் பேக்கரிக்காரர். பள்ளிக்கூடம் போகும்போது பன் வாங்குவாயே, மீதிச் சில்லறையை வாய் திறக்காமல் மேசைமேல் வைப்பாரே, அந்த உம்மணாமூஞ்சி மனுஷன்தான். அவருக்கு ஒரே ஒரு கோரிக்கை. அவர் கடை முன்னால், திருப்பத்தில், ஒரு வேகத்தடை போடவேண்டும். வாரம் தவறாமல் வந்து நிற்பார், வேகத்தட என்ன ஆச்சுங்க என்பார். சாலை விதியில் கரைகண்டவன் நான், சும்மா விடுவேனா? திருப்பத்தில் வேகத்தடை போட்டால் வண்டி சறுக்கும், வேண்டுமானால் பலகை வைக்கலாம், குவிந்த கண்ணாடி வைக்கலாம் என்று படமே வரைந்து காட்டினேன். அங்க இதுவரைக்கும் ஒரு விபத்துகூட நடந்ததில்லையே என்றேன். விபத்துக்காக இல்லங்க, வேகம் குறையணும், அவ்வளவுதான் என்பார். போய்விடுவார். அடுத்த வாரம் மறுபடி வருவார்.

இப்படி உன் பேரில் நான் சிறப்பாக ஆட்சி நடத்திக்கொண்டிருக்கும்போதுதான் போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் குண்டைப் போட்டாய். சித்தப்பா, எனக்கு இது வராது என்றாய். வார்டில் ஒருத்தர் முன்னால் போய் உட்காருகிறாய், அவர் ஜன்னலையே பார்க்கிறார், நீ அவரைப் பார்க்கிறாய், நேரம் முடிந்ததும் எழுந்து வருகிறாய். யோசனை எதுவும் சொல்லக்கூடாது, கேக்கத்தான் செய்யணும்னு சொல்லிக் குடுக்குறாங்க, ஆனா அவர் வாயே திறக்காதப்ப நான் எதுக்கு ம் கொட்டுறது, ம் கொட்டுறதுக்கு ஒரு முதுகலைப் பட்டமா என்றாய். அடுத்த பருவத்துக்குப் பெயர் கொடுக்கக் கடைசித் தேதி நெருங்குகிறது, கொடுக்கப்போவதில்லை, வந்துடறேன் சித்தப்பா என்றாய். நான் என்ன செய்தேன்? தகப்பன் ஸ்தானத்தில் இருக்கிறவன் செய்வதைச் செய்தேன். பேசினேன். மலைப்பாதையில் லாரிக்குப் பிரேக் பிடிக்காமல் போனபோது நான் ஒற்றைக் கையால் திருப்பிய கதையைச் சொன்னேன். மந்திரி ஒருவருக்கு நான் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னேன். விடாமுயற்சி, தன்னம்பிக்கை, எல்லாம் பொழிந்துவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினேன். நீ, சரி சித்தப்பா, வைக்கிறேன் என்றாய். பொண்ணு தெளிஞ்சுட்டா என்று உன் சித்தியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கையில் இருந்த துணியை அப்படியே கீழே போட்டாள். அவ வராதுன்னு சொன்னதுக்கும் வந்துடறேன்னு சொன்னதுக்கும் நடுவுல என்னமோ ஆரம்பிச்சா, அன்னைக்கு என்னன்னான்னு தொடங்குனா, நீங்க அதுக்குள்ள லாரிய எடுத்துட்டீங்க என்றாள். எனக்கு அது காதிலேயே விழவில்லை. லாரி சத்தம்.

அதற்குப் பழிவாங்கினாற்போல என் கடைவாய்ப் பல் கிளம்பிவிட்டது. பல் டாக்டர் பார்த்துவிட்டு, எடுத்தாகணும் என்றார். யானைத் தந்தம் போல ஒரு பல், மூன்று பேர் பிடித்து இழுத்தார்கள். ஒரு நர்ஸ் மட்டும்தான் இருந்தாள் என்கிறாள் உன் சித்தி. பஞ்சை உருட்டி வைத்து, சாயங்காலம் வரைக்கும் கடிச்சுக்கிட்டே இருங்க, வாயத் திறக்கவே கூடாது, பேசினா ரத்தம் நிக்காது என்றார் டாக்டர். ரெண்டு நாள்னு சொல்லுங்க டாக்டர், வீட்டுக்கு ஒரு நிம்மதி கிடைக்கும் என்றாள் உன் சித்தி. பிறகு அவள் மருந்து வாங்கப் போய்விட்டாள், நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். அந்த நேரம் பார்த்து பேக்கரிக்காரர் எதிர்க் கடைக்கு ரொட்டி இறக்கிவிட்டு வேனைத் திருப்புகிறார். ஏறுங்க, வீட்டுல விட்டுடறேன் என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் ஏது? ஏறிவிட்டேன்.

பூனைக்குட்டி, அந்த வேனில் நான் பட்ட பாட்டை என்னவென்று எழுத. நம் வண்டியில் என் காலடியில் ஒரு பிரேக் உண்டு. சொல்லிக்கொடுக்கிறவனின் உயிரே அதில்தான் இருக்கிறது. அடுத்தவன் கொஞ்சம் தடுமாறினாலும் நான் மிதித்துவிடுவேன், சில சமயம் தடுமாறுவதற்கு முன்பே மிதித்துவிடுவேன். பேக்கரிக்காரர் இரண்டாவது கியரிலேயே ஊரைச் சுற்றுகிறவர், சிக்னல் என்றால் அவருக்குத் தெருவிளக்குதான். நான் வெறும் தகரத் தரையை மிதி மிதி என்று மிதிக்கிறேன், ஒன்றும் நிற்கவில்லை. கத்தலாம் என்றால் வாயில் பஞ்சு. அப்படியே மூலைத் திருப்பம் வந்தது. கடைக்குள் போகாமல் ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். வேகத்தட என்ன ஆச்சுங்க என்றார். என் பலகை, என் கண்ணாடி, என் சாலை விதி எல்லாம் தொண்டை வரை வந்து பஞ்சில் முட்டி நின்றன. ம் என்றேன். அது ஒன்றுதான் வந்தது.

அவர் ரோட்டைப் பார்த்தார், நானும் ரோட்டைப் பார்த்தேன். பின்னால் சூடு ஆறாத ரொட்டி வாசனை. இனிமேல் எழுதுவதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை, சித்தி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். பேக்கரிக்காரர் சொன்னார், எம் பையன் இந்தத் திருப்பத்துலதாங்க போனான். சண்டையும் பெருசில்ல. அடுப்புகிட்ட நிக்க மாட்டேன், வேற வேல பாக்குறேன்னான். போறதுன்னா போடான்னேன். பைக்க எடுத்தான், திருப்பத்துல கொஞ்சம்கூட வேகத்தக் குறைக்கல. இந்த ஊர்லதான் எங்கயோ வேல பாக்குறானாம். தினமும் காலைல அதே மாதிரி பைக்குங்க நாலஞ்சு போகுது. எல்லாருக்கும் தலையில ஹெல்மெட்டு, எல்லாரும் ஒரே பறப்பு. அவனா இல்லையான்னு பாக்குறதுக்குள்ள போயிடறானுங்க. ஒரு வேகத்தட இருந்தா மெதுவாத்தான போகணும். முகத்தப் பாத்துடலாம்ல.

ம் என்றேன். அப்போது எனக்கு என்ன சொல்லத் தோன்றியது தெரியுமா? யோவ், போன் போட்டுப் பேச வேண்டியதுதானே என்று. வாய் திறந்திருந்தால் சொல்லியே இருப்பேன், சொல்லிவிட்டு ஊரெல்லாம் பீற்றியும் இருப்பேன். பஞ்சைக் கடித்தேன். அவரே கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார், நம்பர் இருக்குங்க. போட்டா ஆச்சு. ஆனா அவன் எடுக்கலன்னு வைங்க, அப்புறம் நான் எந்த பைக்க பாக்குறது? இப்பவாவது பாத்துக்கிட்டு நிக்கிறேன் என்றார். பூனைக்குட்டி, இது என் புத்திக்கு எட்டியே இருக்காது. எத்தனை வாரம் அந்த மனுஷன் என் மேசைக்கு வந்தார், நான் படம் வரைந்து வரைந்து அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார். தெருவே திரண்டுவிட்டது. சித்தி சொல்கிறாள், தெரு திரளல, நாய்தான் வந்துச்சுன்னு நீங்கதான சொன்னீங்க என்று. ஆமாம், தையல்கார அம்மாவின் நாய்தான் வந்தது. அதுவும் பேசாமல் நின்றது. பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்னால் கையை விட்டு ஒரு ரொட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். பல் பிடுங்கியவனுக்கு முறுகலான ரொட்டி. அதற்கும் ம் என்றேன்.

ரெண்டு நாள் கழித்து மேனேஜருக்கு நான் கிளட்ச் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போது மாவுக் கையோடு ஓடி வருகிறார் பேக்கரிக்காரர். நம் வண்டியின் கண்ணாடியெல்லாம் மாவு. போன் போட்டாராம். எடுத்தானாம், பேசவில்லையாம். வைக்கவும் இல்லையாம். இவருக்கு என்ன பேசுவதென்று தெரியாமல், மாவு வேற கம்பெனியில வாங்குறேன், வேன் பழுதாச்சு, சித்தப்பா பல்லு பிடுங்கிட்டாரு என்று என்னென்னவோ சொல்லியிருக்கிறார். ஊருக்கே நான் சித்தப்பாதான் இப்போது, எல்லாம் உன் புண்ணியம். கடைசியில், திருப்பத்துல பாத்துப் போப்பா என்றாராம். அதற்குப் பையன் ம் என்றானாம். ம்-ன்னான்ங்க, கடைசி வரைக்கும் கேட்டுட்டு ம்-ன்னான் என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். ஏதோ பையன் பட்டாபிஷேகம் செய்துகொண்ட மாதிரி. பிறகு, எல்லாம் நீங்க அன்னைக்குச் சொன்ன யோசனதாங்க என்றார். நான் எந்த யோசனையும் சொல்லவில்லை என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நாய்க்குத் தெரியும். மேனேஜர் முன்னால் மறுத்துப் பேசுவது மரியாதையாக இருக்காது என்று ஏற்றுக்கொண்டேன். போகும்போது, வேகத்தடய மட்டும் விட்டுடாதீங்க, பொண்ணு வந்ததும் சொல்லுங்க என்றார்.

அறைக்குள் பேசியது அறைக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று நீ ஒருமுறை சொன்னது எனக்கு மறக்கவில்லை, மூன்று தடவை எட்டாம் வகுப்பு அல்லவா. அதனால் இதையெல்லாம் உனக்கு எழுதலாமா என்று பேக்கரிக்காரரிடம் கேட்டேன். கவுன்சிலர் அம்மாவுக்குத் தெரியாமலா, தாராளமா எழுதுங்க என்றார். அதே மாதிரி உன் வார்டில் இருக்கிறவர் அந்த ஜன்னலில் என்னதான் பார்க்கிறார் என்று கேட்க எனக்கு நாக்கு துடிக்கிறது. கேட்கமாட்டேன். அது உன் அறை.

இதைச் சித்தி எழுதச் சொன்னாள். உன் அப்பாவும் அம்மாவும் போன பிறகு நீ ஒரு துணிப்பையோடு இந்த வீட்டுக்கு வந்தபோது வெகுநாள் பேசாமலே இருந்தாய். நான் உன்னைச் சிரிக்கவைக்கக் குட்டிக்கரணம் போட்டேன், பூனை மாதிரி கத்தினேன், பூனைக்குட்டி என்று பெயர் வைத்தேன், உன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. இவள் மட்டும் உன் பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டே இருந்தாள். எதுவும் கேட்கவில்லை. தைக்க வேண்டிய சட்டை தீர்ந்த பிறகு நல்ல பட்டனையே பிய்த்துப் பிய்த்துத் தைத்தாளாம், இன்றைக்குத்தான் எனக்கே சொல்கிறாள். ஒரு நாள் நீ, சித்தி, அந்தப் பட்டன் வேற கலர் என்றாய். அதுதான் இந்த வீட்டில் நீ பேசிய முதல் பேச்சு. இவள் அதற்கு ம் என்றாளாம்.

நீ அங்கேயே இருந்து படி என்று நான் எழுதவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு வா என்றும் எழுதவில்லை. வந்தால் மேசை ஜன்னலோரம் இருக்கிறது, நான் பூசிய சுவரும் இருக்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் செய். வராது என்றதற்கும் வந்துடறேன் என்றதற்கும் நடுவில் நீ எதையோ ஆரம்பித்தாயே, அன்னைக்கு என்னன்னா என்று, அதை எனக்குச் சொல்லவேண்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை போனைச் சித்திதான் எடுப்பாள். வந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடு. டாக்டர் கொடுத்த பஞ்சில் மீதியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மணி அடித்ததும் எடுத்து வாயில் வைத்துக்கொள்வேன். அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லையே, போன் செத்துவிட்டதா என்று நினைத்து வைத்துவிடாதே. நான் இருப்பேன். நீ பேசாமல் இருந்தாலும் இருப்பேன்.

நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து, நீ நன்றாக இரு. கம்பளிச் சட்டையை மறக்காதே. காலையில் வெறும் வயிற்றோடு வார்டுக்குப் போகாதே.

பஞ்சும் கையுமாகக் காத்திருக்கும்
உன் சித்தப்பா

கண்ணு, இதில் முக்கால்வாசி நிஜம். லாரி, மந்திரி, யானைத் தந்தம் மூன்றையும் கழித்துவிடு. பஞ்சு நிஜம், அலமாரியில் என் பட்டன் டப்பாவுக்குள் வைத்திருக்கிறார். சித்தி.